புதுப்பிப்பு: அம்மாவின் இந்திய இ-விசா வந்துவிட்டது

போன வாரம், சென்னையில் பெரியம்மாவைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு இ-விசா விண்ணப்பத்தில் படம் ஏறவே இல்லை என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அனுமதி வந்துவிட்டது!

சிக்கல் படத்தின் வடிவில்தான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது கடவுச்சீட்டு அளவுப் படம், நீளவாக்கில் இருந்தது. விண்ணப்பத் தளத்தில் கேட்பது சதுரப் படம்: அகலமும் உயரமும் ஒன்றாக, வெளிர் பின்னணியில், ஜேபெக்காக, 1 எம்பிக்குள். கடவுச்சீட்டின் விவரப் பக்கம் பிடிஎஃப், 300 கேபிக்குள். நான் ஃபோனில் எடுத்து அனுப்பியது அதைவிடப் பல மடங்கு பெரியது. சுருக்கியதும் உடனே ஏறிவிட்டது.

முதல் பக்கத்தை நிரப்பியதும் தரும் தற்காலிக விண்ணப்ப எண்ணைக் கட்டாயம் எழுதி வையுங்கள். இடையில் இணையம் நின்றபோது அதை வைத்துத்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அப்புறம், தேடினால் அரசுத் தளம் போலவே தோன்றும் முகவர் தளங்கள் நிறைய வரும். தளத்தின் முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். நிராகரித்தாலும் கட்டணம் திரும்பாது.

அனுமதியை அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டேன்.