மறு: ஒரு ஹாப் வகையின் மணத்தை அறியச் சின்ன அளவில் செய்யும் பீர்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சோதனைத் தொகுதி, மாதிரி வடிப்பு, வெள்ளோட்டக் காய்ச்சல். மூன்றிலுமே எனக்குத் தடை இருக்கிறது. ஆனால் பெயர் அப்புறம், முதலில் பொருளைப் பார்ப்போம். அடுப்படியில் நடப்பது என்ன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் என்ற கொடியின் பூக்கூம்பில் புதிதாக ஒரு வகை கைக்கு வருகிறது. பொட்டலத்தின் மேல் எலுமிச்சை, மாம்பழம், பைன் என்று ஏதோ எழுதியிருக்கும். அதை நம்பி இருபது லிட்டரில் போட மனம் வராது. அதனால் நான்கு லிட்டர் மட்டும் செய்து பார்க்கிறோம். நான் செய்யும் கணக்கு இது: ஐந்து லிட்டர் தண்ணீரில் வெளிர் நிற மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றுத் தூள் 450 கிராம், அரை மணி நேரக் கொதி. கொதி தொடங்கும்போது கசப்புக்காக 3 கிராம் ஹாப், அடுப்பை அணைத்ததும் 8 கிராம், நொதித்து அடங்கியபின் 12 கிராம் போட்டு மூன்று நாள் ஊற விடுவேன். ஆவியானது போக நான்கு லிட்டர் நின்றால் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், தண்ணீரை 1.000 என்று வைத்து அளப்பது) 1.042 பக்கம் வரும். ஈஸ்ட், தன் வாசனையை அதிகம் காட்டாத யுஎஸ்-05 போன்ற ஒன்று, 3 கிராம் போதும். மால்ட்டும் ஈஸ்ட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும், ஹாப் முன்னால் வர வேண்டும். ஏற்பாடு முழுவதும் அதற்காகத்தான்.

> பொட்டலத்தைத் திறந்து மோந்து பார்த்தாலே வாசனை தெரிந்துவிடுமே, இதற்கென்று தனியாகப் பீர் செய்ய வேண்டுமா?

அக்கா கேட்ட இந்தக் கேள்விதான் இழையிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். பெயரின் பாதி இதற்கான பதிலில் இருக்கிறது.

ஹாப் கூம்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். இதழ்களின் அடியில் இருக்கும் மஞ்சள் தூள், லூப்புலின், கையில் பிசுபிசுவென்று ஒட்டும். முதலில் பச்சைப்புல் வாசம் வரும். கை சூடேற ஏற பழமும் பிசினும் மேலே வரும். ஆனால் அந்த மணம் அப்படியே கோப்பைக்கு வந்து சேர்வதில்லை. ஹாப் எண்ணெயில் பெரும்பங்காக இருக்கும் மிர்சீன் கொதியில் எளிதாக ஆவியாகிவிடும், மிஞ்சியதிலும் ஒரு பகுதி நொதிக்கும்போது கரியமில வாயுவோடு வெளியேறிவிடும். இன்னொரு பக்கம், ரோஜா மணமுள்ள ஜெரானியோலின் ஒரு பகுதியை ஈஸ்ட் சிட்ரோனெலோலாக மாற்றுகிறது. அதன் மணம் எலுமிச்சை இனத்தை ஒட்டியது. இதைவிட எனக்கு வியப்பானது தயோல்களின் கதை. கந்தகம் உள்ள இந்தச் சேர்மங்களில் ஒரு பகுதி ஹாப்பில் மணமே இல்லாமல் கட்டுண்டு கிடக்கும். ஈஸ்ட் வந்து கட்டவிழ்த்தால்தான் அவை வெளியே வரும். ஆக, பொட்டலத்தில் இல்லாத மணம் பீரில் இருக்கும், பொட்டலத்தில் இருந்த மணம் பீரில் இருக்காது. செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை, அக்கா.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

'தொகுதி' என்றதும் நம் காதில் தேர்தல்தான் ஒலிக்கிறது. நூல்களின் தொகுப்பும் நினைவுக்கு வரும். 'காய்ச்சல்' உடம்புச் சூடு. வேதியியல்படி 'வடிப்பு' சாராயத்துக்குப் பொருந்தும், பீருக்குப் பொருந்தாது. பீரில் எதையும் ஆவியாக்கிக் குளிர வைத்து எடுப்பதில்லை. பீர் பற்றி எழுதும் பலரும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள், அகராதிக்குள் போகும் சொல்லிலும் அது நேர்ந்துவிடக் கூடாது.

'மாதிரி' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் எனக்கும் அது பிடித்திருந்தது. மாதிரி என்றால் ஒரு பெரிய முழுமையின் சிறு துண்டு. துண்டைப் பார்த்தால் முழுமை தெரிந்துவிட வேண்டும். நம் நான்கு லிட்டர் அப்படிப்பட்டதா? சிறிய பாத்திரத்தில் ஆவியாதல் விகிதம் கூடும்: ஐந்தில் ஒரு லிட்டர் போவதும் இருபத்தைந்தில் ஒரு லிட்டர் போவதும் ஒன்றல்ல. அடுப்பை அணைத்தபின் சின்னப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். பெரியது நெடுநேரம் சூடாகவே இருக்கும், அந்தச் சூட்டில் ஹாப்பின் கசப்புக்கு மூலமான ஆல்பா அமிலம் மாற்றம் அடைந்துகொண்டே இருப்பதால் கடைசியில் போட்ட ஹாப்பிலிருந்தும் கசப்பு இறங்கும். எனவே நான்கு லிட்டரின் கசப்பை ஐந்தால் பெருக்கி இருபது லிட்டரின் கசப்பை ஊகிக்க முடியாது. இந்தச் சிறு பீர் தன்னைவிடப் பெரிய பீரைப் பற்றிச் சொல்வது குறைவு, தனக்குள் போட்ட ஹாப்பைப் பற்றிச் சொல்வது அதிகம். 'வெள்ளோட்டம்' அழகான சொல், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் வெள்ளோட்டம் விட்டால் பின்னால் உண்மையான ஓட்டம் வர வேண்டும். ஒரு ஹாப்பைச் செய்து பார்த்து, 'இது எனக்கு வேண்டாம்' என்று நிறுத்திக்கொண்டாலும் இந்த வேலை முழுமையானதுதான். பெரிய அளவில் செய்யப் போவதற்கு முன்னோட்டமாகச் செய்வதற்கு 'வெள்ளோட்ட ஈடு' என்று அதை வைத்துக்கொள்ளலாம். அது வேறு வேலை.

ஈடு என்று சொல்லிவிட்டேன் பாருங்கள். நான் முன்வைக்கும் சொல்லின் பாதி அதுதான். அடுப்பில் ஒரு தடவை ஏற்றி இறக்குவதற்கு நம் வீடுகளில் இருக்கும் சொல் ஈடு. 'முதல் ஈடு இறக்கியாச்சு', 'இன்னும் ஒரு ஈடு போட்டால் போதும்' என்று நாள்தோறும் சொல்கிறோம். ஒரே தடவையில், ஒரே சூட்டில், ஒன்றாக வெந்து ஒன்றாக இறங்குவது என்ற முழுப் பொருளும் அதில் இருக்கிறது. இவ்வளவு கச்சிதமான சொல்லை அடுப்படியில் வைத்துக்கொண்டு, தொகுதி, திரள் என்று ஏன் வெளியே தேட வேண்டும்? வேற்றுமை ஏற்பதிலும் சிக்கல் இல்லை: முதல் ஈட்டில், இரண்டாம் ஈட்டுக்கு.

மறுபாதி 'மணமறி'. 'சுவையறி' என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள், காஸ்கேட் என்ற ஹாப் வகையை ஒரு குடுவையிலும் சாட்ஸ் என்ற வகையை ஒரு குடுவையிலுமாகப் போட்டுச் செய்த இரண்டு பீர்களையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தேன். கசப்பும் லேசான இனிப்பும் மட்டும் தெரிந்தன. எது எது என்று சொல்ல முடியவில்லை. மூக்கிலிருந்து விரலை எடுத்ததும் காஸ்கேடின் கிரேப்ஃப்ரூட் தொண்டைக்குப் பின்னாலிருந்து ஏறி வந்தது. ஹாப் வகைகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மணம்தான், நாக்குக்கு அதில் பங்கு குறைவு. ஆகவே, மணமறி ஈடு.

'ஒருமண ஈடு' என்ற யோசனையும் எனக்கு வந்தது. ஆனால் கேட்பவருக்குத் திருமணம் நினைவுக்கு வரும், அதனால் விட்டுவிட்டேன். ஒரே ஹாப் என்பதை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் 'தனி ஹாப் ஈடு' என்று நேராகவே சொல்லலாம். ஹாப் என்பதை அப்படியே வைத்துக்கொள்வோம். கிரந்த எழுத்தை நீக்கினால் ஆப்பு ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும், வரையறைக்கு அது உதவும். ஒருமுறை மணமறி ஈட்டைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் அடைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். திறந்தபோது வந்த நாற்றத்தை அந்த ஹாப் வகையின் குணம் என்றே குறிப்பேட்டில் எழுதினேன். பல மாதம் அந்த வகையைத் தொடவே இல்லை. ஒளி பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் தரும் என்பது பின்னால்தான் தெரிந்தது. எந்த ஹாப்பைப் போட்டிருந்தாலும் அதே நாற்றம்தான் வந்திருக்கும். அதனால் இப்போதெல்லாம் மால்ட் சாறு ஒன்றாகவே காய்ச்சி இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்றில் தெரிந்த ஹாப், மற்றதில் புதியது. பழுப்புப் போத்தல், இருட்டு அறை. ஒப்பிட ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் மணமறி ஈடு பொய் சொல்லும்.

குளிர்ந்த பீரில் ஹாப் போடுவதற்கு 'உலர் ஹாப்பிடல்' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அதில் உலர்வது எதுவும் இல்லை. 'ஹாப் ஊறவிடல்' போதும். 'ஊறல்' என்று மட்டும் சுருக்க வேண்டாம், அது கள்ளச்சாராயச் செய்திகளில் மாட்டிக்கொண்ட சொல்.

அன்புடன்.

—

தம்பிக்கு,

ஈடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம். இழப்பீடு, ஈடுஇணை, அடகு வைக்கும் ஈடு, திருவாய்மொழி உரையான ஈடு. போதாதற்கு, சேர்த்து எழுதினால் 'மணமறியீடு' என்றாகி, குறியீடு, மதிப்பீடு வரிசையில் போய் நின்றுவிடுமே? அப்புறம், வீட்டில் செய்வது என்ற பொருள் இதில் எங்கே வருகிறது?

—

ஐயா,

மணமறியீடு என்றால் ஏதோ அளவீட்டு முறை போலத்தான் ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பிரித்தே எழுதுவோம்: மணமறி ஈடு. நம் சொற்பட்டியலிலும் அப்படியே பதிவோம். பல பொருள் இருப்பது பற்றி நான் கவலைப்படவில்லை. 'படி' என்ற சொல்லுக்கும் படிக்கட்டு, அளவை, நகல் என்று எத்தனையோ பொருள் உண்டு, யாரும் குழம்புவதில்லை. 'இரண்டு ஈடு பீர்' என்று கேட்பவர் அடகை நினைக்க மாட்டார்.

வீட்டில் செய்வதற்குத் தனிச்சொல் இருப்பது நல்லது, அதை இதோடு ஒட்டவேண்டியதில்லை. ஆலையிலும் மணமறி ஈடு போடலாம் அல்லவா? வீட்டுப் பீருக்குப் பழைய சொல்லே இருக்கிறது: பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் சமைத்த கள்ளை 'இல்லடு கள்' என்று சொல்லியிருக்கிறது. 'இல்லடு பீர்' என்று எடுத்துக்கொள்ளலாம். 'காய்ச்சு' என்ற வினை கள்ளச்சாராயத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்ட காலத்தில், சமைத்தலைக் குறிக்கும் 'அடு' நமக்கு நல்ல துணை. இதைத் தனி இழையாகத் தொடங்கினால் நான் கலந்துகொள்கிறேன்.

பட்டியலுக்கான என் வாசகம்:

மணமறி ஈடு: ஒரு ஹாப் வகையின் மணம் பீரில் எப்படி வெளிப்படுகிறது என்று அறிவதற்காக, மால்ட், ஈஸ்ட் முதலியவற்றை எளிமையாக வைத்து, சிறிய அளவில் செய்யும் ஓர் ஈடு பீர்.

இந்த வாரம் நெல்சன் சாவினுக்கு ஒரு மணமறி ஈடு போடுகிறேன். நியூசிலாந்தில் 2000-இல் வெளியான வகை. வெள்ளைத் திராட்சை மணம் என்கிறார்கள், பெயரிலேயே சாவின்யோன் திராட்சை இருக்கிறது. பக்கத்துக் குடுவையில் காஸ்கேட். ஊறவிட்ட மூன்றாம் நாள் என்ன மணக்கிறது என்று எழுதுகிறேன்.