பி.சி.ஜி. போட்டவருக்கும் காசநோய் வருமா?

ஒட்டுசுட்டான் மருமகள்:
மாமாவுக்கு மூன்று கிழமைக்கு மேல் இருமல், பின்னேரமானால் காய்ச்சல். சளி சோதித்ததில் காசநோய் என்று வந்துவிட்டது. இடது தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு வடிவாகத் தெரிகிறது, பிறகு எப்படி வந்தது? "ஒரு பிரயோசனமும் இல்லாத ஊசி, பிறக்கப்போற பிள்ளைக்குப் போட விடமாட்டன்" என்கிறா மாமி. என் மூத்தவளுக்கு இரண்டு வயது. பயமாக இருக்கிறது.

முறிகண்டித் தம்பி:
எங்கள் அப்பப்பாவுக்கும் வந்தது, தழும்பு இருந்தது. ஆறு மாதம் குளிசை எடுத்துச் சுகமாகிவிட்டார். பயப்படாதீர்கள் அக்கா.

கிளிநொச்சி அக்கா:
தங்கச்சி, காசநோய்க்காரரைக் கண்முன்னே குளிசை விழுங்க வைக்கும் வேலை செய்தவள் நான். மாமியின் கேள்வி நியாயம், முடிவுதான் பிழை. வளர்ந்தவர்களின் சுவாசப்பையில் வரும் காசநோயை இந்த ஊசி நம்பும்படி தடுப்பதில்லை. செங்கல்பட்டில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வில் அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பிரித்தானியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே ஊசி நன்றாகவே வேலை செய்தது. இப்படி இடத்துக்கு இடம் மாறுவதால்தான் அதை நம்பியிருக்க முடியாது என்கிறேன்.

ஊசி போடுவது பச்சைப் பிள்ளைகளுக்காக. சின்ன உடம்பில் கிருமி சுவாசப்பையோடு நிற்காது, இரத்தத்தில் கலந்து மூளைச் சவ்வு வரை போய்விடும். அந்த மூளைக்காய்ச்சலில் பிழைத்த பிள்ளைக்கும் காது கேளாமல் போகலாம், கைகால் இழுக்கலாம். பி.சி.ஜி. பெருமளவு தடுப்பது அதைத்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கட்டாயம் போடுங்கள்.

பெருமளவு என்றால் முழுக்க இல்லை. அதனால் மூத்தவளை உடனே மார்பு நோய் கிளினிக்கில் காட்டுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்புக் குளிசை தருவார்கள், ஊசி போட்டிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

மாமாவுக்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் இரண்டு மருந்து. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம், இரத்தமில்லை. அதைக் கண்டு குளிசையை நிறுத்தியவர்களை வீடு தேடிப் போய்க் கெஞ்சியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டான் மருமகள்:
நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் அக்கா. மாமியும் இருமுகிறா, அவவையும் காட்டவா?

கிளிநொச்சி அக்கா:
கட்டாயம். விடிய எழும்பினவுடன் வரும் சளியைத்தான் கொடுக்க வேண்டும். எச்சில் சரிவராது, நெஞ்சிலிருந்து காறி எடுக்கச் சொல்லுங்கள்.