பி.எட்.டில் படித்த உளவியல் வகுப்பறையில் கைகொடுத்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலோர டீச்சர் (கடலூர்):
பியாஜே, எரிக்சன் என்று உளவியலாளர்களின் கோட்பாடுகளை எல்லாம் எழுதித்தான் தேறினேன். ஆனால் போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் மூச்சு வாங்கி, கை நடுங்கி, "மிஸ், செத்துருவேன் போல இருக்கு" என்றபோது அதில் ஒரு வரியும் உதவவில்லை. வலிப்பு என்று யாரோ சாவிக்கொத்தைத் திணித்தார்கள். (வலிப்பானாலும் சாவியால் பயனில்லை.) எங்கள் மூத்த டீச்சர்தான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொன்னார். மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லித் தானும் கூடவே விட்டார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அப்புறம் பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை, பதற்றம்தான். "இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்கக்கா?" என்று கேட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு கொடுத்த பயிற்சியாம். பேரிடர் வந்தால்தான் சொல்லித் தருவார்கள் போல!

வில்லியனூர் சார்:
டீச்சர், பணியிடைப் பயிற்சி பெரும்பாலும் பவர்பாயிண்ட், டீ, கையெழுத்துதான். ஒன்று மட்டும் உருப்படி. மனநல மருத்துவர் ஒருவர் எங்களையே மாணவனாகவும் ஆசிரியராகவும் நடிக்க வைத்தார். "வீட்டுக்குப் போகவே பிடிக்கல சார்" என்று நடித்தவர் சொல்லி முடிக்கும் முன்பே பாதிப் பேர் அறிவுரையை ஆரம்பித்துவிட்டார்கள்! மருத்துவர் சொன்னதில் மறக்காதவை இரண்டு. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு (பி.எட். இரண்டாம் ஆண்டு):
எங்களுக்கும் கேஸ் ஸ்டடி (ஒரு மாணவரைக் கவனித்து எழுதுவது) உண்டு சார். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். அதில் வரும் பையனுக்கு வருடா வருடம் ஒரே பிரச்சினை, கணக்கில் ஆர்வமில்லை. 2015இல் படிப்பை இரண்டு வருடமாக்கினார்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியிலாவது ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேசினாயா என்று யாரும் கேட்டதில்லை.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:
எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் வேலை, இப்போது இதுவும் எங்கள் தலையிலா? எங்கள் மனநலத்தை யார் பார்ப்பது?

கடலோர டீச்சர்:
நியாயம்தான் சார், அதையும் பாடத்தில் சேர்க்கட்டும். ஆனால் வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. கவனிப்பது, காது கொடுப்பது, உரியவரிடம் சேர்ப்பது, இவ்வளவுதான். 14416க்கு (டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண்) இரவிலும் பேசலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். ஆசிரியர்களும் பேசலாம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறோம்.