பிரிட்டிஷ் டெலிகாமின் சம அணுகல் உறுதிமொழிகள்: கண்காணிப்பு யார் கையில்?

கேள்வி: 2005 செப்டம்பரில் பிரிட்டனின் தொலைத்தொடர்பு நிறுவனமான பிரிட்டிஷ் டெலிகாம் அளித்த உறுதிமொழிகளை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் ஏற்றுக்கொண்டது. அவற்றின்படி, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்லும் இணைப்புகளைக் கவனிக்க உருவான ஓப்பன்ரீச் பிரிவு, தாய் நிறுவனத்தின் சில்லறைப் பிரிவுக்கும் போட்டியாளர்களுக்கும் முக்கிய இணைப்புச் சேவைகளை ஒரே விலையில், ஒரே காலக்கெடுவில், ஒரே கணினி முறைமை வழியாக வழங்க வேண்டியிருந்தது. ஆனால் இதைக் கண்காணித்த சம அணுகல் வாரியத்தை அந்நிறுவனமே அமைத்தது என்பது எனக்கு உறுத்துகிறது. அத்தகைய கண்காணிப்பை நம்பலாமா?

மறுமொழி 1: உங்கள் ஐயம் நியாயமானது. எனினும் ஐந்து உறுப்பினர்களில் மூவர் நிறுவனத்தைச் சாராதவர்கள் என்பதையும், வாரியம் மீறல்களை ஆஃப்காமுக்குத் தெரிவித்து ஆண்டறிக்கையும் வெளியிட்டது என்பதையும் கருத வேண்டும். மேலும், இந்த உறுதிமொழிகள் 2002ஆம் ஆண்டின் தொழில் நிறுவனச் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்டவை. மீறினால் ஆஃப்காம் நீதிமன்றத்தை நாடியிருக்கலாம்.

மறுமொழி 2: முன்னவர் கூறியது சரியே, ஆனால் உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. ஒரு பழுதைச் சரிசெய்ய இரு தரப்பு வாடிக்கையாளருக்கும் எத்தனை நாள் ஆனது என்பதை அளந்துவிடலாம். எந்த ஊரில் முதலீடு செய்வது என்று தலைமையகத்தில் முடிவெடுக்கும்போது யாருடைய நலன் முந்துகிறது என்பதை எந்த அளவுகோலும் காட்டாது. 2016இல் ஆஃப்காம் சுட்டிய குறையும் இதுவே. அதனால்தான் 2017இல் சட்டப்படியான பிரிப்புக்கு உடன்பாடு ஏற்பட்டு, ஓப்பன்ரீச் தனக்கென இயக்குநர் குழு கொண்ட தனி நிறுவனமானது. ஆஃப்காமும் தனிக் கண்காணிப்புப் பிரிவை அமைத்தது. ஆயினும் உரிமை தாய்க் குழுமத்திடமே உள்ளதால், வரவுசெலவுத் திட்டம் வகுக்கப்படும் கட்டத்தையே நான் முதலில் ஆராய்வேன்.