லாரி செத்தால் எஞ்சினும் சாகுமா?

மார்த்தாண்டம்_டீசல்: திருவனந்தபுரத்தில் ஒரு கோச்சிங் சென்டர் கொடுத்த புரோகிராமிங் நோட்ஸ் கைக்கு வந்தது. "லாரிக்குள் எஞ்சின் இருப்பது காம்போசிஷன், அதாவது ஒன்றை இன்னொன்றின் பாகமாக வைப்பது. லாரி ஆப்ஜெக்ட் அழிந்தால் எஞ்சினும் அழியும்" என்று போட்டிருக்கிறார்கள். எழுதின ஆள் லாரியைப் படத்தில்தான் பார்த்திருப்பார். அப்பாவின் பட்டறையில் லாரியைத் துண்டு போட்டு எடைக்குப் போட்ட பிறகும், அதன் எஞ்சின் வேறு வண்டியில் ஏறி ஆரல்வாய்மொழி தாண்டி ஓடியிருக்கிறது. எஞ்சின் சாகாது.

செங்கோட்டை_ஜாவா: உதாரணத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள் அண்ணாச்சி. எதையும் இன்ஹெரிட் செய்யாமல், அதாவது அதன் குணம் மொத்தத்தையும் வாரிசாக வாங்காமல், உள்ளே ஒரு ஃபீல்டாக, பாகமாக வை என்பதுதான் விஷயம். ஜாவா மொழியின் ஸ்டேக் கிளாஸைப் பாருங்கள்; கிளாஸ் என்றால் ஆப்ஜெக்ட் வார்க்கும் அச்சு. எந்த இடத்திலும் சொருகக்கூடிய வெக்டர் என்ற பட்டியலை இன்ஹெரிட் செய்ததால், மேலே வைத்து மேலிருந்தே எடுக்க வேண்டிய அடுக்கில் இன்டெக்ஸ் (இட எண்) கொடுத்து நடுவிலும் சொருக முடிகிறது. வெக்டரை உள்ளே ஒளித்து வைத்திருந்தால் இந்தக் கூத்து இல்லை.

மார்த்தாண்டம்_டீசல்: ஸ்டேக்கை யார் கேட்டது? எஞ்சின் சாகுமா, சாகாதா?

களியக்காவிளை_லோக்கல்: எந்த மொழியில் அண்ணே? சி பிளஸ் பிளஸ்ஸில் நேரடி மெம்பராக வைத்தால் லாரியின் டிஸ்ட்ரக்டரோடு, அதாவது ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் கோடோடு, எஞ்சினும் போகும். ஜாவாவில் வேறு யாராவது அந்த எஞ்சினைக் கையில் பிடித்திருந்தால் வேண்டாத ஆப்ஜெக்டைக் கூட்டித் தள்ளும் கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது.

மார்த்தாண்டம்_டீசல்: எந்த மொழியிலும் சாகாது. பட்டறைக்கு வந்து பார்.

களியக்காவிளை_லோக்கல்: பட்டறையில் டிஸ்ட்ரக்டர் ஓடுகிறதா?

மார்த்தாண்டம்_டீசல்: இன்டர்ஃபேஸுக்கும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் வித்தியாசம் கேட்டு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் போட்ட தம்பிதானே நீ? நன்றாகப் பேசு.

செங்கோட்டை_ஜாவா: கிளாஸ்களைப் படமாக வரையும் யூஎம்எல் முறையின் விதியிலேயே பதில் இருக்கிறது. காம்போசிஷனுக்கான கறுப்பு டைமண்ட் குறி போட்டால், ஒரு பாகம் ஒரு நேரத்தில் ஒன்றுக்குள் மட்டுமே இருக்கலாம். முழுசை அழிக்கும் முன்பே பாகத்தைக் கழற்றிவிட்டால் பாகம் பிழைத்துக்கொள்ளும். கழற்றாவிட்டால் சேர்ந்து போகும். ஆக, நோட்ஸ் பாதி சரி.

மார்த்தாண்டம்_டீசல்: பாதி சரி என்றால் முழுத் தப்பு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமே இல்லாமல் போனது. விளவங்கோடும் கல்குளமும் அதோடு அழிந்தா போயின? தமிழ்நாட்டுக்கு வரவில்லையா? எஞ்சின் சாகாது.

செங்கோட்டை_ஜாவா: அன்றைக்கு அது சென்னை மாநிலம். தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969-இல். அப்புறம், செங்கோட்டையும் அதே நாளில்தான் வந்தது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு எங்கள் பெயர் மட்டும் வாயில் வராது.

பாறசாலை_பைத்தான்: நாங்கள் இந்தப் பக்கமே, கேரளாவிலேயே நின்றுவிட்டோம். எங்களை எந்த டைமண்டில் சேர்ப்பீர்கள்?

மார்த்தாண்டம்_டீசல்: இன்டென்டேஷன் (வரிக்கு முன் விடும் இடைவெளி) தப்பினால் நின்றுபோகிற மொழிக்காரர்கள் இதில் தலையிட வேண்டாம்.

பாறசாலை_பைத்தான்: செமிகோலனை மறந்து விடிய விடிய முழித்தவர் சொல்கிறார்.

களியக்காவிளை_லோக்கல்: சரி அண்ணே, அந்த எஞ்சின் இப்போது எந்த லாரியில் ஓடுகிறது?

மார்த்தாண்டம்_டீசல்: லாரியில் இல்லை. தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு படகில் பூட்டியிருக்கிறது.

செங்கோட்டை_ஜாவா: அப்படியானால் அது லாரி எஞ்சினே இல்லையே!

மார்த்தாண்டம்_டீசல்: ஓடுகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லும்.