கீர்த்தியின் பிஸ்டலும் டெல்லிக் குளிரும் (குடும்பக் குழுவில் நடந்த அரட்டை)

கீர்த்தி: மாமா, இன்றைக்கும் துக்ளகாபாத் ஷூட்டிங் ரேஞ்சில் என் பிஸ்டல் ஜாம். வேகமாகச் சுடும் ரேபிட் சீரிஸில் மூன்றாவது ஷாட்டில் நின்றுவிட்டது. ஒரு ஷாட்டுக்குப் பச்சை விளக்கே 3 விநாடிதான் எரியும். பிஸ்டலை மாற்றிவிடலாமா?

அம்மா: அண்ணா, நீங்களே சொல்லுங்கள். இப்போதுதான் சர்வீஸ் செய்து வந்தது.

மாமா: மாற்றுகிற பேச்சு இருக்கட்டும். எப்படி நின்றது? தோட்டா போய் உட்காரும் சேம்பரின் வாயில் அது முட்டியதா, சுட்டபின் மிஞ்சும் காலி கேஸ் வெளியே போகாமல் சிக்கியதா?

கீர்த்தி: தோட்டாதான். ஈய மூக்கில் பள்ளமே விழுந்திருக்கிறது, படம் பாருங்கள்.

மாமா: தோட்டா அடுக்கும் எல்லா மேகசினிலும் இப்படியா?

கீர்த்தி: இல்லை... பச்சை டேப் ஒட்டியதில்தான் அதிகம்.

மாமா: அப்போ பிஸ்டலை ஏன் திட்டுகிறாய்? அந்த மேகசின் எப்போதாவது கீழே விழுந்திருக்கும். தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பு துளி விரிந்தாலும் போதும், தோட்டா கோணலாக எழும்பும். பிளையர் எடுத்து வளைக்காதே. பயிற்சிக்குக்கூட வேண்டாம், ஓரமாக வை.

ரகு: நான் ஆஷ்ரம் சௌக்கில் டிராஃபிக் ஜாமில் நிற்கிறேன். எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள் மாமா.

அம்மா: டேய், வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே!

பாட்டி: குண்டு உள்ளே மாட்டினால் கையிலேயே வெடிக்காதாடா?

மாமா: நல்ல கேள்விம்மா. இந்த .22 தோட்டாவில் தீப்பிடிக்கிற மருந்து அடி விளிம்புக்குள்தான் இருக்கும், ஊசியும் அங்கேதான் அடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி விளிம்பை நசுக்கினால் வெடிக்கலாம். கீர்த்தி, கேட்டுக்கொள். குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகரில் வேண்டாம். முதலில் மேகசினைக் கழற்று. அப்புறம் போல்ட்டை, அதுதான் தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும் பாகம், பின்னால் இழுத்து நிறுத்தினால் தோட்டா பெரும்பாலும் தானே விழும். விழாவிட்டால் ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடு. இன்னொன்று, ஷாட்டின் சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. ஈயம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

கீர்த்தி: போட்டியிலும் நானே எடுக்கலாமா?

மாமா: கூடவே கூடாது! பிஸ்டலை டார்கெட் பக்கம் பிடித்தபடி இன்னொரு கையைத் தூக்கு. அதிகாரி பார்ப்பதற்கு முன் போல்ட்டைத் தொட்டாலே உன் தவறு என்று எழுதிவிடுவார்கள், சுடாத ஷாட்டுக்குப் பூஜ்யம். துப்பாக்கிக் கோளாறுதான் என்று அவர் ஒத்துக்கொண்டால் மீதியைச் சுட வாய்ப்புண்டு.

அம்மா: டோக்கியோவில் மனு பாக்கருக்கு ஆனதும் இதுதானே?

மாமா: இல்லை, அது காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டல், அதில் மருந்துத் தோட்டாவே கிடையாது. பிஸ்டலில் வேறு கோளாறு. 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியதையும் சொல்லேன்!

கீர்த்தி: ஆனால் மாமா, காலை டீடெயிலில், அதாவது காலைச் சுற்றில்தான் அதிகம் நிற்கிறது. மதியம் பரவாயில்லை.

மாமா: ஜனவரிக் குளிர்! ஈயத்தின் மேல் பூசிய மெழுகு இறுகிவிடும், எண்ணெயும் கெட்டியாகும். போல்ட் சோம்பலாக நகரும், பாதியில் நிற்கும். தோட்டா டப்பாவைக் காரில் விடாதே, வீட்டுக்குள் வை. எவ்வளவு எண்ணெய் போடுகிறாய்?

கீர்த்தி: நன்றாகத்தான் போடுகிறேன்.

மாமா: அதுதான்! டெல்லித் தூசி, வெடிமருந்துக் கரி, மெழுகு எல்லாம் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். போல்ட் உரசுகிற இடத்தில் ஒரு துளி போதும், மேகசினுக்குள் சொட்டுக்கூட வேண்டாம். சேம்பரையும், காலி கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியையும் பிரஷ் போட்டுத் துடை. அந்த இடுக்கில் கறுப்பாக மெழுகு படிந்திருக்கும், பார்த்தால் உனக்கே தெரியும். மேகசின் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்றும் பார். பின்னால் மாட்டினால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நகராது.

கீர்த்தி: சரி மாமா. இப்போதே கழற்றுகிறேன்.

அம்மா: டைனிங் டேபிளில் வேண்டாம். போன தடவை அந்தக் கரி துணியில் இன்னும் போகவில்லை.

பாட்டி: என் பழைய புடவை ஒன்று இருக்கிறது, கிழித்துக்கொள்ளட்டும்.

மாமா: பருத்தியாம்மா?

பாட்டி: சுங்கடி.

மாமா: நூல் பிரியாத பக்கமாகக் கிழித்துக் கொடுங்கள், அருமையாக இருக்கும்.

அம்மா: அண்ணா, புது மேகசின் என்ன விலை?

மாமா: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நேரில் பேசலாம்.