தம்பிக்கு ரயில்வேல ஏஎல்பி ஆர்டர் வந்துருக்கு, அனுப்பலாமா? உள்ள இருக்கிறவங்க சொல்லுங்க

அக்காகாரி:
எல்லாருக்கும் வணக்கம். 2024ல அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு (ஏஎல்பி, இன்ஜின் ஓட்டுற லோகோ பைலட்டுக்கு உதவியாளர்) முதல்ல 5,696 போஸ்ட்னு போட்டு அப்புறம் 18,799 ஆக்குனாங்களே, அதுல என் தம்பி பாஸ் பண்ணிட்டான். பிலாஸ்பூர் பக்கம் போஸ்டிங். டிப்ளமா மெக்கானிக்கல், இப்போ ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கான், எப்ப நிறுத்துவாங்கன்னு தெரியாது. அம்மா சந்தோஷத்துல குலதெய்வத்துக்கு பொங்கலே வெச்சிட்டாங்க. ஆனா லோகோ பைலட்டா இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் "யோசிச்சு அனுப்பும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு போன வெச்சிட்டாரு, அதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல.

பொன்மலைவாசி:
இதுல யோசிக்க என்னங்க இருக்கு. எங்கப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர், அவர் ஒருத்தர் சம்பளத்துல நாங்க நாலு பேர் படிச்சோம், குவார்ட்டர்ஸ்ல வளந்தோம், அம்மாவுக்கு ஆபரேஷன்னதும் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரில ஒரு ரூபா கட்டாம பாத்தாங்க. 2019ல ரயில்வே கடைநிலை வேலை குரூப் டி 1,03,769 போஸ்ட்டுக்கு ஒரு கோடிக்கு மேல அப்ளிகேஷன் வந்துச்சு, அந்த ஜனமெல்லாம் என்ன முட்டாளா? கான்ட்ராக்ட்ல இருக்கிற பையனுக்கு பர்மனென்ட் கெடச்சிருக்கு, பயமுறுத்தாம அனுப்பி வைங்க.

கூட்ஸ்_எல்பி:
பொன்மலை நண்பரே, உங்கப்பா மேல மரியாதை இருக்கு, ஆனா ஒர்க்‌ஷாப் வேற ரன்னிங், அதாவது வண்டில போற வேலை வேற. ஒர்க்‌ஷாப்ல சங்கு ஊதுனா உள்ள போவாங்க, சங்கு ஊதுனா வீட்டுக்கு வருவாங்க. எனக்கு குட்ஸ்ல 14 வருஷம், இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பேன்னு காலைல எனக்கே தெரியாது. போன் வரும், ரெண்டு மணி நேரத்துல லாபில, அதாவது டூட்டி ஆபீஸ்ல கையெழுத்து போட்டு சைன் ஆன் பண்ணணும், அது ராத்திரி 1 மணியா இருந்தாலும் சரி, பிள்ளைக்கு காய்ச்சலா இருந்தாலும் சரி. அக்கா, தம்பிய அனுப்பாதீங்கன்னு நான் சொல்லல. என்னன்னு தெரிஞ்சு போகட்டும்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்:
நைட் ஷிப்ட் எல்லா வேலைலயும்தான் இருக்கு ப்ரோ. நான் 6 வருஷமா அமெரிக்கா டைமுக்கு வேலை பாக்குறேன், போன வருஷம் எங்க டீம்ல பாதி பேர ஒரே மெயில்ல அனுப்பிட்டாங்க. உங்கள அப்படி யாரும் அனுப்ப முடியாதுல்ல?

கூட்ஸ்_எல்பி:
உங்க கஷ்டம் புரியுது. ஆனா சிவப்பு சிக்னல ஒரு தடவ தாண்டிட்டா எங்களுக்கும் அதோட முடிஞ்சுது, அப்பவே சஸ்பெண்ட், அப்புறம் வேலையே போகலாம். முன்னாடி கெடச்ச 16 மணி நேர ரெஸ்ட்ல நல்லா தூங்குனியா, தொடர்ந்து எத்தனாவது நைட்டுன்னு விசாரிக்கிற நேரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும்.

இன்னொன்னு. இன்ஜின்ல ஒரு கருவி இருக்கு, ஒரு நிமிஷம் கைல எந்த வேலையும் செய்யலன்னா லைட் எரியும், பஸ்ஸர் அடிக்கும், அதுக்கும் பட்டன அமுக்கலன்னா பிரேக் தானா விழுந்துரும், தூங்கிடக் கூடாதுன்னு வெச்சது. நாலாவது நைட்டு விடியக்காலம் நாலு மணிக்கு கண்ணு சொக்கிக்கிட்டே கை மட்டும் அந்த பட்டன அமுக்கும் பாருங்க, அத நான் என் கைல பாத்திருக்கேன். பக்கத்துல இருந்த ஏஎல்பி பையன் "சார்"னு கத்துனதுல முழிச்சேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து குளிக்காம அப்படியே தரைல உக்காந்திருந்தேன். பின்னாடி 58 வேகன் நிலக்கரி.

பொன்மலைவாசி:
பயங்கரமா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ரெஸ்ட்டுக்கு ரூல் இருக்கே சார். 2005 ரூல்ஸ்படி எட்டு மணி நேரத்துக்கு மேல டூட்டின்னா போஸ்டிங் ஊர்ல 16 மணி நேரம் ரெஸ்ட், அது போக மாசத்துக்கு நாலு தடவ 30 மணி நேரம். ஒர்க்‌ஷாப்காரங்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு.

கூட்ஸ்_எல்பி:
இங்கதாங்க சண்டையே. அந்த 16 டூட்டி முடிச்ச அலுப்புக்கு, 30 வாராந்திர ஓய்வு. ரெண்டும் தனித்தனி, சேத்தா 46 மணி நேரம் வரணும்னு நாங்க கேக்குறோம். நிர்வாகம் அந்த 16ஐ 30க்குள்ளயே அடக்கிடுது. 2024 ஜூன்ல தெற்கு ரயில்வேல லோகோ பைலட்டுங்க 46 மணி நேரம் நாங்களே எடுத்துக்கிறோம்னு போராட்டத்துல இறங்குனது இதுக்குத்தான், சம்பளத்துக்கு இல்ல. வாரத்துக்கு ஒரு நாள்ங்கறீங்களே, உங்கப்பாவுக்கு சனிக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதுனா திங்கக்கிழமை காலைலதானே திரும்ப ஊதும்? நடுவுல எத்தன மணி நேரம்னு எண்ணிப் பாருங்க. எங்களுக்கு 30 மணி நேரத்துல ஒரு முழு ராத்திரிதான் வீட்ல.

கிளிப்_சுத்தியல்:
எல்லாரும் இன்ஜினப் பத்தியே பேசுறீங்க. நான் டிராக் மெயின்டெய்னர், உங்க பாஷைல கேங்மேன். கீமேன் டூட்டின்னா காலைல சுத்தியல், ஸ்பேனர், கொடி, டெட்டனேட்டர் (தண்டவாளத்துல கட்டுற வெடி, சக்கரம் ஏறுனா வெடிச்சு டிரைவர எச்சரிக்கும்) எல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு தண்டவாளத்தோட நடக்கணும், தண்டவாளத்த பிடிச்சிருக்கிற கிளிப் கழண்டிருந்தா அடிக்கணும், எங்கயாவது தண்டவாளம் விரிசல் விட்டிருக்கான்னு பாக்கணும். விரிசல் இருந்தா 600 மீட்டர்ல ஒண்ணு, 1,200 மீட்டர்ல மூணு டெட்டனேட்டர் கட்டணும், ஓடிப்போய்த்தான் கட்டணும், வண்டி வந்துக்கிட்டே இருக்கும். டபுள் லைன்ல ஒரு பக்கம் வண்டி போற சத்தத்துல அடுத்த பக்கம் வர்றது காதுல விழாது. அப்படித்தான் எங்கள்ல ஆளுங்க போறாங்க. பேப்பர்ல நாலு வரி வரும். பி.இ. முடிச்சவங்க, எம்.எஸ்சி முடிச்சவங்க எங்க கேங்க்ல இருக்காங்க, அடிப்படை சம்பளம் 18,000. படிப்புக்கு ஏத்த வேற டிபார்ட்மென்ட்டுக்கு பரீட்சை எழுத எங்களையும் விடுங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கோம்.

ஆனா பொன்மலைவாசி சொன்னதுலயும் உண்மை இருக்கு. இந்த வேலை வந்ததுக்கப்புறம்தான் எங்க வீட்ல கடன்காரன் வாசல்ல நிக்கிறது நின்னுச்சு. ரெண்டும் ஒரே வேலைலதான் இருக்கு.

லோகோவீட்டுக்காரி:
பேச்சு மாறுதுன்னு நெனைக்காதீங்க. என் வீட்டுக்காரர் மெயில் லோகோ பைலட், கல்யாணமாகி 17 வருஷம், ஒண்ணா கொண்டாடுன தீபாவளி எத்தனன்னு விரல் விட்டு எண்ணிடுவேன். பகல்ல அவர் தூங்குறப்போ குக்கர் விசில் வரக்கூடாது, காலிங் பெல் ஒயர கழட்டி வெச்சிருவேன், பிள்ளைங்க சின்னதுல இருந்தே ஜாடைலதான் பேசும். வீட்ல எல்லாரும் சேந்துதான் ரயில்வேல வேலை பாக்குறோம். இலவசமா ரயில்ல போக பாஸ் இருக்கு, சேந்து போக லீவுதான் இல்ல.

பொன்மலைவாசி:
அக்கா நீங்க சொன்னது மனச என்னமோ பண்ணுது. சரி, நான் ஒண்ணு சொல்லிடுறேன். எங்க ஊர்ல ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 5 அன்னிக்கு சங்கத் திடல்ல கூடுவாங்க, 1946ல வேலைநிறுத்தத்துல போலீஸ் சுட்டு அஞ்சு தொழிலாளிங்க செத்த நாள். 1973 ஆகஸ்ட்ல லோகோ ஆளுங்க ஸ்டிரைக் பண்ணித்தான் 10 மணி நேர டூட்டிக்கு வாக்குறுதி வாங்குனாங்க, அடுத்த வருஷம் மே மாசம் லட்சக்கணக்கானவங்க 20 நாள் ஸ்டிரைக்ல நின்னாங்க, எங்கப்பா அப்போ புதுசா சேந்த பையன். அவர் அனுபவிச்ச குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் அப்படி வந்தது. அதனாலதான் யாராச்சும் ரயில்வே மோசம்னா எனக்கு கோவம் வருது, கேட்டு வாங்குன இடம் அது.

கூட்ஸ்_எல்பி:
நாங்களும் கேட்டுட்டேதான் இருக்கோம், அப்பா காலத்துல பத்து மணி நேரம், இப்போ 46. ஆனா பென்ஷன்னு சொன்னீங்களே, 2004 ஜனவரிக்கு அப்புறம் சேந்தவங்களுக்கு அந்த பழைய பென்ஷன் இல்ல. 2025 ஏப்ரல்ல இருந்து யுபிஎஸ்னு ஒரு புது பென்ஷன் திட்டம் வந்துருக்கு, 25 வருஷம் சர்வீஸ் இருந்தா கடைசி 12 மாச அடிப்படை சம்பளத்துல சராசரி போட்டு பாதி. அக்கா தம்பிக்கு இதையும் சொல்லிடுங்க. பேப்பர்ல 78 நாள் போனஸ்னு பெருசா வரும், மாச சம்பளம் 7,000 ரூபான்னு உச்சவரம்பு வெச்சு கணக்கு பண்ணி அதிகபட்சம் வர்றது 17,951.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்:
எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. நான் கேட்டது தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. 30 மணி நேரம்னதும் ஒண்ணேகால் நாள்னு நெனச்சேன், தூங்கி எந்திரிச்சா அதுலயே பாதி போயிடுமேன்னு தோணல.

அக்காகாரி:
எல்லாத்தையும் தம்பிகிட்ட படிச்சு காட்டுனேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, போறேன்க்கா, கான்ட்ராக்ட்லயும் 12 மணி நேரம் நின்னுட்டுத்தானே இருக்கேன்னு சொல்லிட்டான். கூட்ஸ் எல்பி அண்ணன்கிட்ட கேக்க சொன்னான், என்னென்ன எடுத்துட்டு போகணும், முதல் வருஷம் எப்படி இருக்கணும்னு.

கூட்ஸ்_எல்பி:
தம்பி, பிலாஸ்பூர் கோர்பா நிலக்கரி போற பாதை, வண்டிக்கு பஞ்சமே இருக்காது, டிசம்பர் குளிர் நம்ம ஊர் மாதிரி இல்ல, நல்ல ஸ்வெட்டர் ரெண்டு வாங்கிக்கோ. வெளியூர்ல நாம தங்குற ரன்னிங் ரூம் சாப்பாடு ஒத்துக்கலன்னா அரிசி பருப்பு கொண்டு போனா சமையல்காரர் பொங்கி தருவாரு. இந்தி இப்பவே பழகு, வண்டிய நடத்துற கண்ட்ரோல் ஆபீஸ்ல பேசுறது புரியணும். சிக்னல் வந்தா பச்சையோ மஞ்சளோ ரெண்டு பேரும் கை நீட்டி சத்தமா சொல்லணும், லோகோ பைலட் எவ்ளோ சீனியரா இருந்தாலும் அவர் வாய்ல இருந்து சத்தம் வரலன்னா விடாத, திரும்ப சொல்லு, கோவப்பட்டா படட்டும். உனக்கு தூக்கம் வந்தா வெக்கப்படாம அப்பவே அவர்கிட்ட சொல்லு. என்கிட்ட அன்னிக்கு "சார்"னு கத்துன பையன் சேந்து நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு.